தினம் ஒரு மாத்திரை

சென்ற நவராத்திரியில் ஷார்ஜாவில் நம் சபை அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் லலிதா ஸஹஸ்ரநாம பாராயணம் நடந்தது. கூடத்தில் ஏ.ஸி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் சிலர் சால்வை போர்த்தியிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி மட்டும் பாராயணப் புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கின்மேல் வழிந்தது. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிர்கிறது போலும்!

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வியர்வையை ஐந்து வருஷம் நானும் அனுபவித்தவள்.

சமையலறையில் கொண்டைக்கடலைச் சுண்டலைத் தொன்னையில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, உங்களுக்கும் அந்த ஆபரேஷன் ஆச்சாமே, யாரோ சொன்னாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஆமாம்மா" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் மாத்திரையை நிறுத்திட்டேன் அக்கா. மூணு மாசம் ஆச்சு. அவர்கிட்ட சொல்லல. டாக்டர்கிட்டயும் சொல்லல. டப்பா மட்டும் அலமாரியில அப்படியே இருக்கு" என்றாள்.

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு வயது 44. பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள்.

அன்று அவளிடம் சொன்னதையும், பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அவளுடைய சம்மதத்தின் பேரில் இங்கே எழுதுகிறேன். நம் சபையில் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் அவளும் நானும் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்வதற்குத்தான் கூச்சம்.

இந்த மாத்திரை எதற்கு?

மார்பகப் புற்றுநோயில் எல்லாம் ஒரே வகை அல்ல. கட்டியை எடுத்துப் பரிசோதிக்கும்போது அதன் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை ஏற்கும் 'பூட்டு' இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உலகெங்கும் எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட கட்டிகளில் அது இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. அறுவை சிகிச்சை, கதிரியக்கம், கீமோ எல்லாம் முடிந்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கலாம். அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் ஹார்மோன் சிகிச்சை.

இந்த எண்ணம் புதியதல்ல. 1896-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்ஸன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நோய் முற்றிய பெண்களுக்குச் சினைப்பைகளை அகற்றினால் மார்பகக் கட்டி சுருங்குவதை வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. பிறகு 1962-ல் இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற பெண் ரசாயன விஞ்ஞானி ஒரு மருந்தைத் தயாரித்தார். கருத்தடைக்காக ஆரம்பித்த ஆராய்ச்சி அது. அந்தக் காரியத்துக்கு மருந்து உதவவில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு உதவியது. 1973-ல் பிரிட்டனிலும் 1977-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அதுதான் டாமாக்ஸிஃபென். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது.

டாமாக்ஸிஃபென் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. சாவி உள்ளே போக முடியாது. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் இதையே, தினம் 20 மில்லிகிராம் வீதம் கொடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறு வகை. நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிறது. அந்தத் தயாரிப்பையே நிறுத்தும் மருந்துகள் அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்ற மூன்றும். இளம் வயதினர் சிலருக்குச் சினைப்பையை உறங்கவைக்கும் ஊசியும் சேர்த்துப் போடுவதுண்டு. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் அபூர்வமாக வரும். அவர்களும் டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறார்கள்.

"சரி அக்கா, கட்டியைத்தான் எடுத்தாச்சே, நிறுத்தினா என்ன ஆகிடும்?" என்று கேட்டாள் அவள். நியாயமான கேள்வி. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களைக் கவனித்த பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2011-ல் வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் டாமாக்ஸிஃபென் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடும் அந்த வருஷங்களில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பதினைந்து வருஷக் கணக்கில் பார்த்தால் அந்த நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து வருஷம் சாப்பிட்டதன் பலன் நிறுத்திய பிறகும் பல வருஷம் கூடவே வருகிறது. பாதியில் விட்டவர்களுக்கு அந்த முழுப் பலன் கிடைப்பதில்லை. ஆபத்து சற்று அதிகம் உள்ளவர்களைப் பத்து வருஷம் வரை சாப்பிடச் சொல்வதும் இப்போது உண்டு.

மாத்திரையை விட்டால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. அதனால்தான் விடுவது சுலபமாக இருக்கிறது. பலன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உபாதைகளோ ராத்திரி பகல் தெரிந்துகொண்டே இருக்கின்றன. ஆகையால் அந்த உபாதைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடம்பில் பற்றும் தீ

நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஒரு சூடு பரவும். வியர்த்துக் கொட்டும். சில நிமிஷத்தில் அடங்கிக் குளிரும். ராத்திரி இரண்டு மூன்று தடவை வந்தால் தூக்கம் போயிற்று. மூளையில் உடம்பின் உஷ்ணத்தைச் சமன் செய்யும் ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த இடம் சிறிய உஷ்ண மாற்றத்துக்கும் பெரிதாகப் பதறுகிறது. அவ்வளவுதான். இது ஜுரமும் அல்ல, நோய் திரும்பியதற்கு அடையாளமும் அல்ல.

நாம் இருக்கும் ஊரோ கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர். வெளியே அனல், உள்ளே ஏ.ஸி. குளிர், மறுபடியும் அனல். இந்த மாறி மாறி வரும் வாழ்க்கையே அந்தத் தீயைக் கிளப்பிவிடும். நான் கண்ட வழிகள் இவை: பட்டும் நைலக்ஸும் விசேஷ நாளுக்கு மட்டும், மற்ற நாளெல்லாம் பருத்தி. கழற்றவும் போர்த்தவும் ஒரு மெல்லிய மேலாடை. கைப்பையில் ஒரு சின்ன விசிறி, ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர். படுக்கையில் பருத்தி விரிப்பு, பக்கத்தில் ஒரு துண்டு. கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடிப்பதை விட்டு, ஆறவைத்துக் குடித்தேன். காரம் குறைத்தேன். எந்த நேரம், என்ன சாப்பிட்ட பின் வருகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். உடம்பு பருமனாக இருந்தால் எடை குறைவதும் உதவும். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடும் பழக்கமும், மனநல நிபுணர்கள் கற்றுத்தரும் சிந்தனைப் பயிற்சியும் சூட்டை அடியோடு நிறுத்தாவிட்டாலும் அதன் தொல்லையைக் குறைக்கின்றன. பலருக்கு முதல் சில மாதங்களுக்குப் பிறகு தானாகவே தணிகிறது.

இவ்வளவும் செய்தும் தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் மருந்து உண்டு. வென்லாஃபாக்ஸின், ஆக்ஸிபியூட்டினின் போன்றவற்றை டாக்டர்கள் இதற்காகக் கொடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் நாம் தொடக் கூடாது. அணைக்க வந்த நெருப்புக்கு நாமே எண்ணெய் வார்த்த கதையாகிவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. டாமாக்ஸிஃபென் வயிற்றில் போனவுடன் வேலை செய்வதில்லை. கல்லீரலில் மாறிய பிறகுதான் அதன் முழு வலிமை வருகிறது. மனச்சோர்வுக்காகக் கொடுக்கும் பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற சில மாத்திரைகள் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. எனவே எந்த டாக்டரிடம் போனாலும், பல்வலிக்குப் போனாலும்கூட, "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

இதே போலத்தான் நாட்டு மருந்தும். குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளால் ஒரு தோஷமும் இல்லை. ஆனால் மஞ்சள் சத்தை மிளகுச் சத்தோடு சேர்த்துக் காப்ஸ்யூலாக விற்கிறார்களே, அதைச் சாப்பிட்ட பெண்களின் ரத்தத்தில் டாமாக்ஸிஃபென் அளவு குறைந்ததை 2019-ல் நெதர்லாந்தில் கண்டார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் போன்றவை பெண்களின் ஹார்மோனுக்காகவே விற்கப்படுகின்றன. ஊரிலிருந்து அத்தை அன்போடு அனுப்பியது என்றாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

மூட்டும் எலும்பும்

எனக்கு லெட்ரோசோல் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மோதிரத்தைக் கழற்றிவைத்தேன். பஜனையில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டும். எனக்கு அப்போது 52 வயது. 80 வயதுக் கிழவி போல நடந்தேன். நோய் எலும்புக்குப் போய்விட்டதோ என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இது மாத்திரையின் வேலை, பயப்படாதீர்கள்" என்றார்.

பிறகு அவர் சொன்ன மருந்து எனக்கு வேடிக்கையாக இருந்தது. "நடங்கள்" என்றார். வலிக்கிறதே என்றேன். "வலிப்பதால்தான் நடக்கச் சொல்கிறேன்" என்றார். அமெரிக்காவில் இதே வகை மாத்திரையால் மூட்டுவலி வந்த பெண்களை, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்கவும், வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்யவும் வைத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். அவர்களுடைய வலி சராசரியாக முப்பது சதவிகிதத்துக்குக் கிட்டக் குறைந்தது. இந்த முடிவு 2015-ல் வெளியாயிற்று.

கோடையில் இங்கே எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். பெரிய மால்கள் காலையில் கடை திறக்குமுன்பே நடப்பவர்களுக்குத் திறந்திருக்கின்றன. நானும் பக்கத்து ஃப்ளாட் மலையாளி சகோதரியும் போய்வந்தோம். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களே என் எடைப் பயிற்சி. ராத்திரி வெந்நீரில் விரல்களை வைத்து மடக்கி நீட்டினேன். இரண்டு மாதத்தில் தோசைக் கரண்டி கைக்குத் திரும்பி வந்தது. வலி முழுக்கப் போகவில்லை. என்னோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது.

இதிலும் சரிப்படாதவர்களுக்கு, டாக்டர் இரண்டு மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்துவிட்டு அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றுவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. இப்படி டாக்டருக்குத் தெரிந்து நிறுத்துவது சிகிச்சை. தெரியாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

இந்த வகை மாத்திரைகள் எலும்பையும் மெலியச் செய்யும். ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். இவ்வளவு வெயில் கொளுத்தும் வளைகுடாவிலே வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பது ஆச்சரியம்தான். வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் காருக்குள்ளுமே இருக்கிறோமே! ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மாத்திரை எடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு நம் சமையலே போதிய வழி காட்டுகிறது: கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாலும் தயிரும் எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கவே இருக்கின்றன.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியவை

டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, ரத்தக்கட்டு. அபூர்வம்தான், ஆனால் வரக்கூடியது. ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எதுவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு எண் 998. சென்னைக்கு நாலு மணி நேர விமானப் பயணம் என்றாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாமல், நடுவில் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு போக வேண்டும். ஏதாவது அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கர்ப்பப்பை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மறுபடி ரத்தம் பட்டாலோ, நிற்காதவர்களுக்குத் தாறுமாறாகப் போனாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பை இம்மருந்து, முக்கியமாக மாதவிலக்கு நின்றவர்களுக்கு, சற்று அதிகப்படுத்துகிறது. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தக் கூடியது. கண் மங்கினாலும் சொல்லிவிடுங்கள்.

இளம் வயதுச் சகோதரிகளுக்கு ஒன்று. இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, சிசுவுக்குக் கெடுதல். அதற்காகக் குழந்தை ஆசையையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒன்றரை வருஷம் முதல் இரண்டரை வருஷம் வரை மாத்திரை சாப்பிட்ட பிறகு, டாக்டர் மேற்பார்வையில் அதிகபட்சம் இரண்டு வருஷம் நிறுத்திக் குழந்தை பெற்றுக்கொண்டு, மறுபடி தொடர்ந்த பெண்களைக் கவனித்தார்கள். முதல் சில வருஷங்களில் அவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாகவில்லை என்று 2023-ல் வெளியாயிற்று. நீண்ட காலக் கணக்கை இன்னும் பார்த்துவருகிறார்கள். இது டாக்டரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

சொல்லக் கூச்சப்படும் சங்கதி

சில உபாதைகளை நாம் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. உடம்பு உள்ளே வறண்டுபோவதும், கணவனோடு சேர்ந்திருப்பது வேதனையாக இருப்பதும் அவற்றில் ஒன்று. "இந்த வயதில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?" என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் பேச்சு குறைந்துபோகிறது. அவர் தப்பாக நினைக்கிறார். நாம் இன்னும் ஒதுங்குகிறோம். ஹார்மோன் கலவாத ஈரப்பசைக் களிம்புகள் மருந்துக்கடையிலேயே கிடைக்கின்றன. அவற்றில் குணமில்லை என்றால் புற்றுநோய் டாக்டரையே கேட்க வேண்டும். பெண் டாக்டரிடம் சொல்ல முடியாவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மனச்சோர்வும் எரிச்சலும் மறதியும் அப்படியே. பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் நிற்பது, காரணமில்லாமல் குழந்தைகள்மேல் சீறுவது இவற்றுக்கெல்லாம் தூக்கமின்மையும் மாத்திரையும் காரணமாக இருக்கலாம். உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

விரதமும் மருந்தும்

ஏகாதசி, சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று நம்மில் பலர் விரதம் இருக்கிறோம். அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவதாகச் சிலர் சொல்லக் கேட்டேன். மாதத்தில் ஆறேழு நாள் இப்படிப் போனால் வருஷத்தில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விரதத்துக்குப் பங்கம் விளைவிக்காதவை என்று சாஸ்திரம் சொல்லும் எட்டில் தண்ணீரும் ஒன்று, மருந்தும் ஒன்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த எட்டில் இரண்டை ஒரே வாயில் போட்டு விழுங்குவதால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. இந்த ஊர் வெயிலில் தண்ணீர்கூட இல்லாத விரதம் நமக்கு வேண்டாம். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது; வழக்கம்போல ஒன்றே ஒன்று.

இங்கே வாழ்கிறவர்களுக்கு

வளைகுடாவில் வாழும் நமக்குத் தனிக் கவலைகள் உண்டு. விஸா கணவரின் வேலையோடு கட்டப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி மாறினால் என்ன ஆகுமோ என்ற பயம். சிகிச்சை ஊரில், வாசம் இங்கே. மாத்திரை தீரும் முன்பே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தால் மருந்துச் சீட்டு, டாக்டரின் கடிதம், பிரிக்காத அசல் டப்பா மூன்றும் கையில் இருக்கட்டும். டாமாக்ஸிஃபென் சாதாரண மருந்துதான். ஆனால் நரம்புக்கும் தூக்கத்துக்கும் வலிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. உறவினர் கையில் கொடுத்தனுப்புமுன் அரசாங்கத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு உதவப்போய் அவர்கள் விமான நிலையத்தில் நிற்கக் கூடாது.

அல் ஐன் நகரின் தவாம் மருத்துவமனை போன்ற இடங்களில் புற்றுநோய்ச் சிகிச்சை வெகுகாலமாக நடந்துவருகிறது. ஷார்ஜாவில் 1999-ல் தொடங்கிய புற்றுநோயாளிகளின் நண்பர்கள் என்ற சங்கம், எந்த நாட்டவர் என்று பார்க்காமல் உதவி செய்கிறது. அவர்களுடைய பிங்க் காரவன் குழு 2011 முதல் எமிரேட்டுகள் தோறும் சென்று மார்பகப் பரிசோதனை செய்கிறது.

ஊருக்குப் போகும்போது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஆலோசனை கேட்பவர்கள் நம்மிடையே பலர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை புற்றுநோயால் மடிவதைக் கண்முன் பார்த்தவர். அந்த வேதனையே பல வருஷம் கழித்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையாக எழுந்தது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும் வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்று ஊரார் நம்பிய காலத்தில், நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவே வீட்டார் பயந்த காலத்தில், அவர்கள் வேலை செய்தார்கள். பெயரை மறைக்கும் அந்தப் பழக்கம் நம்மிடையே இன்னும் முழுக்கப் போகவில்லை. சமையலறையில் கிசுகிசுத்த அந்தச் சகோதரியே அதற்குச் சாட்சி.

அவள் என்ன செய்தாள்?

"முதல்ல அவர்கிட்ட சொல்லு" என்றேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். அவர் கோபிப்பார் என்று பயந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து டப்பாக்களை எண்ணினாராம். பிறகு, "ராத்திரி நீ பால்கனியில போய் நிக்கறப்போ, என்கூடப் படுக்கப் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாராம். மூன்று மாதமாக இருவரும் ஒரே வீட்டில் வெவ்வேறு துக்கத்தோடு இருந்திருக்கிறார்கள்.

இருவருமாக டாக்டரிடம் போனார்கள். அவர் திட்டவில்லை. வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் வெளிவந்தது: மனச்சோர்வுக்காக வேறொரு கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அங்கே புற்றுநோய் விஷயத்தைச் சொல்லவில்லை. அது பராக்ஸெட்டின். டாமாக்ஸிஃபெனுக்கு இடைஞ்சல் செய்யும் அதே மாத்திரை. அதைத் திடீரென்று நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்து, வென்லாஃபாக்ஸினுக்கு மாற்றினார். அது சோர்வுக்கும் ஆயிற்று, சூட்டுக்கும் ஆயிற்று. டாமாக்ஸிஃபெனை மறுபடி தொடங்கச் சொன்னார். விட்டுப்போன மூன்று மாதத்துக்காக அழ வேண்டாம், இனிமேல் விடாமல் இருந்தால் சரி என்றாராம்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் அலாரம் அடிக்கிறது. அவர் ரத்த அழுத்த மாத்திரையை எடுக்கிறார். அவள் தன் மாத்திரையை எடுக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற வாரம்கூட, "இன்னும் மூணு வருஷமா அக்கா!" என்று அலுத்துக்கொண்டாள். ராத்திரி ஒரு தடவையாவது வியர்த்து எழுந்திருக்கிறாள். ஆனால் இப்போது பால்கனிக்குத் தனியாகப் போவதில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியிலும் தொடாத டப்பா ஒன்று இருந்தால், அதை வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். தாங்க முடியாத உபாதைக்கு ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: நடுராத்திரி மனைவி போர்வையை உதறினால், ஏன் என்று கேளுங்கள்.

கேட்க யாருமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பாராயணத்தன்று சமையலறைப் பக்கம் வாருங்கள். சுண்டல் போடும் இடத்தில் நான் இருப்பேன்.